அவசரத்துக்கு ஒரே நம்பர்

டிர்ர்ர்... டிர்ர்ர்!

சந்திரமோகன் உப்புமாத் தட்டை நகர்த்திவிட்டு போனை எடுத்தான். ஆபீஸ் தவிர வேறு யாரும் அவனைக் கூப்பிட்டு நாலு மாதம் ஆகிறது.

"சந்திரமோகனோட சொந்தக்காரங்களா? ஆஸ்பத்திரி நர்ஸ் கனிமொழி பேசறேன். அவரு சீரியஸா கீறாருங்க. உடனே வாங்க!"

"யாரு?"

"சந்திரமோகன். அப்பா பேரு ஆறுமுகம். பஸ்ல மயங்கி விழுந்துட்டாரு. ஆதார் கார்டுல இருந்த பேரை வச்சு ஃபைலை எடுத்தோம்."



அது அவன்தான்!

ஆனால் அவன் இங்கே, திருத்தணி மலையடிவாரத்து வாடகை வீட்டில், உப்புமா விரலோடு!

வெளியே ஆடிக் கிருத்திகைக் கூட்டம். ஊரே தோளோடு தோள் உரசியது. அவன் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு... பதினொரு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களைக் கிளவுடில் கட்டிக் காக்கும் சீனியர் டேட்டா ஆர்க்கிடெக்ட். லட்சம் பேரை அவனுக்குத் தெரியும். அவனை ஒருத்தருக்கும் தெரியாது.

"என் நம்பர் எப்படிக் கிடைச்சுது?"

"அவசரத்துக்குக் கூப்பிடன்னு ஃபைல்ல கீதுங்க."

ஆமாம். போட வேறு ஆள் இல்லாமல், தன் நம்பரையே போட்டு வைத்திருந்தான்.

லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்தான். "இப்ப என்ன பண்றீங்க?"

"கால்ல புண்ணு, சீழ். பென்சிலின் ஊசி ரெடி பண்ணிகினு கீறாரு டாக்டரு. அலர்ஜி இல்லன்னு போட்டுகீதே!"

அவனுக்கு இல்லை. ஆனால் கீழே, பழைய பக்கத்தில் இன்னொரு ஆள்... பள்ளிப்பட்டு நெசவாளி. 'பென்சிலின்: உயிருக்கு ஆபத்து!'

ரெண்டு சந்திரமோகன்கள். ஒரே ஃபைல்!

"ஊசி போடாதீங்க! அந்த ஃபைல் என்னுது! அவரு வேற ஆளு, பென்சிலின் ஆகாது!"

"சார், டாக்டர் கையில எடுத்துட்டாரு..."

"தட்டி விடும்மா!"

டணார்!



"...தட்டிட்டேங்க. டாக்டர் முறைக்கிறாரு."

எவனோ ஃபைலில் கை வைத்திருக்கிறான். கொலை முயற்சி! எவன்டா அவன்?

பல்லைக் கடித்துக்கொண்டு தேடினான்.

'இணைத்தவர்: சந்திரமோகன், சீனியர் டேட்டா ஆர்க்கிடெக்ட்.'

அடப்பாவி!

பேர், அப்பா பேர், பிறந்த தேதி ஒத்துப்போனால் ஒரே ஆள். தகவல் முரண்பட்டால் புதுசுதான் செல்லும். போன மாதம் அவனே எழுதிய விதி! முருகன் ஊரில் ஆறுமுகங்களுக்கா பஞ்சம்? பிறந்த தேதியோ, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாதிப் பேருக்குப் போட்டுவிடும் ஜூன் ஒன்று. அவனுக்கும் அப்படிப் போட்டதுதான். அதை எப்படி மறந்தான்?

விதியை நிறுத்தினான். ஃபைலைப் பிரித்தான். நெசவாளிக்கு மனைவி, அப்பா நைனா, மச்சான் பாவா என்று மூணு நம்பர். பொறாமையாக இருந்தது.

மாலையில் கனிமொழியே கூப்பிட்டாள்.

"கண்ணு முழிச்சிட்டாருங்க. வாசல்ல பதினாலு பேரு வந்து குந்திகினு கீறாங்க! ஆமா சார்... உங்களுக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடறது?"

செருமிக்கொண்டான்.

"என்னையே கூப்பிடும்மா. எடுத்தா, உசிரோட கீறேன்னு அர்த்தம். எடுக்கலன்னா... மீட்டிங்ல கீறேன்னு அர்த்தம்!"