மைக்கின் பின்பக்கம்

மழையில் நனைந்த ஜாக்கெட்டை வாசலில் உதறிவிட்டு இமாஸ் உள்ளே வந்தபோது, பாடுகிறவர் நிற்கும் இடத்துக்கு அடையாளமாக நான் ஸ்டுடியோ தரையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல்தான். ஆனால் எங்கள் பாடும் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் எங்கள் பாண்டுங் ஊரின் மழைகூட நின்றுவிடும். சுவரில் அடைத்த பஞ்சின் வாசனையும், யாரோ எப்போதோ பிடித்த கிராம்பு சிகரெட்டின் வாசனையும்தான் மிஞ்சும்.

நான் மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிப்பவன். பகலில் சேசெப் அண்ணனின், எங்கள் ஊர்ப் பேச்சில் காங் சேசெப்பின், ஸ்டுடியோவில் உதவியாள். என் காது மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை, எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன். இதையும் நிச்சயமாகக் கேட்டதை மட்டும் வைத்து எழுதப் பார்க்கிறேன்.

இமாஸ் மேடையில் பாடும் மைக் வேறு. நசுங்கி, உதட்டுச் சாயம் ஏறி, கீழே எறிந்தாலும் சாகாத மைக். உதடு ஒட்டினால்தான் அதற்குக் காது கேட்கும். ஸ்டுடியோ மைக் அப்படியில்லை, எச்சில் விழுங்குவதைக்கூட விடாது. எங்களுடையதற்கு இரண்டு முகம். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் முன்னால் இருப்பது மட்டும் கேட்கும், மறுபக்கம் தள்ளினால் முன்னும் பின்னும் கேட்கும். இமாஸும் அவளோடு சேர்ந்து பாடும் கிலாங்கும் அதன் இரு புறமும் எதிரெதிரே நின்று, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பாடுவார்கள். அவர்கள் ராக் பேண்டின் பாட்டெல்லாம் அப்படிப் பதிந்தவை.

நோன்பு மாதத்தில் கிலாங் பைக் விபத்தில் இறந்துபோனான். ஒரே ஒரு பாட்டு பாக்கி நின்றது.

"அவன் நிக்கிற இடத்துக்கும் டேப் ஒட்டு வில்டான்," என்றாள் இமாஸ்.

காங் சேசெப் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரவள்ளி மாவில் பொரித்த சீரெங்கைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். "காலி இடத்துக்கு எதுக்கும்மா டேப்பு? பின்பக்கத்த மூடிடலாம்."

"மூடாதீங்க காங். அவன் வரி வர்ற இடத்துல ரூம் சத்தமாவது இருக்கட்டும். அந்தப் பக்கம் பாக்காம எனக்குப் பாட வராது."

"சரி விடு. அவன் என்னிக்கு நேரத்துக்கு வந்தான்? லேட்டாத்தான் வருவான்."

மூன்று பேரும் சிரித்தோம். நான் டேப்பை ஒட்டினேன். அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஹெட்ஃபோனைத் தொங்கவிட்டேன். யாரும் சொல்லவில்லை, பழக்கத்தில் செய்தேன். பிறகு காங்கின் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

முதல் தடவை பாடினாள். கிலாங்கின் வரி வரும் இடத்தில் சொன்னபடியே நிறுத்தினாள். வெறும் அறை. அதில் மெல்லிசாக ஒரு மூச்சு.

ஏசியாக இருக்கும் என்றார் காங். ஏசியை நிறுத்தினேன். இரண்டாவது தடவையும் மூச்சு வந்தது. இந்த முறை அது உள்ளே இழுக்கும் மூச்சு. பாடப்போகிறவன் இழுப்பது.

ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். வாய் கிட்டத்தில் இருந்தால் குரல் தடிக்கும், விலகினால் மெலிந்து சுவரில் பட்டு வரும். வகுப்பில் முதலில் கற்றுக்கொடுத்தது அதைத்தான். மூச்சு கிட்டே வந்திருந்தது. இமாஸின் குரல் எட்டப் போயிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். அவள் கால் விரல்கள் டேப்பின் மேல்தான் இருந்தன.

"தேத்தே, நகர்ந்து நின்னீங்களா?" என்றேன். அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. "உனக்கும் கேட்டுச்சா?" என்று கிசுகிசுத்தாள். "வந்துட்டான்டா. இன்னொரு தடவை போடு."

போதும் என்றேன். வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவளை அதட்ட நான் யார்? மறுபடி போட்டோம்.

மூச்சு வார்த்தையானது.

கிலாங்கின் குரல்தான். ஆனால் அவன் பாடியபோது இவ்வளவு கிட்டே கேட்டதில்லை. பல்லும் நாக்கும் தெரிகிற கிட்டம். இமாஸ் அதற்குப் பின்னால், எங்கோ ஒரு நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் பாடிக்கொண்டிருந்தாள்.

காங் சேசெப் வாயில் இருந்ததை விழுங்கவில்லை. "பின்பக்கத்த மூடு," என்றார்.

ஓடிப்போய் மைக்கின் சுவிட்சைத் தள்ளினேன். இமாஸ் பாட்டை நிறுத்தவில்லை. திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டினேன். இனி முன்பக்கம் மட்டும். முன்னால் நிற்பது இமாஸ் மட்டும்.

கேட்டது கிலாங் மட்டும்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் குரல் ஒரு துளிகூட இல்லை.

காங் மின்சாரத்தையே அணைத்தார். இருட்டில் தடுமாறி அறைக் கதவைத் திறந்தேன். கிலாங் பிடிக்கும் கிராம்பு சிகரெட்டின் புகை முகத்தில் அடித்தது. அவள் என் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாள். அவள் பேசியது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"ஏன்டா லைட்ட அணைச்சீங்க?"

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் நாளுக்கு நாள் அவள் பேச்சு தூரம் போனது. முதலில் பக்கத்து அறையிலிருந்து, அப்புறம் தெருக்கோடியிலிருந்து பேசுவதுபோல. மேடை மைக்கை உதட்டில் ஒட்டிவைத்து முழுதாகத் திறந்தோம், இரைச்சல் மட்டும் வந்தது. அந்தப் பதிவுதான் காரணம் என்று நினைத்து, மூன்று தடவை பாடியதில் ஒன்றை அழித்தேன். அன்று மாலையே அவள் குரல் இன்னும் குறைந்தது. மிச்சத்தைத் தொடப் பயந்து அப்படியே விட்டேன். நான் செய்த எதுவும் உதவவில்லை. செய்யாமல் இருந்ததும் உதவவில்லை.

நேற்று அவளாகவே ஸ்டுடியோவுக்கு வந்தாள். வாயை அசைப்பதைக்கூட நிறுத்திப் பல நாளாகியிருந்தது. தன் டேப்பின் மேல் போய் நின்றாள். எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. மைக்கின் இரண்டு பக்கத்தையும் திறந்தேன், நீளமான ஒயரோடு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றேன்.

வெகு நேரம் அறைதான் கேட்டது. பிறகு மிக மெலிந்து, என் பேர்.

"வில்டான்."

பக்கத்தில் இமாஸின் உதடு மூடியிருந்தது. நான் மைக்கின் பின்பக்கத்தை உள்ளங்கையால் மூடினேன். குரல் நின்றது. கையை எடுத்தேன்.

"மூடாத. மூடாதடா. ஒண்ணும் தெரியல இங்க."

"தேத்தே, கிலாங் கூட இருக்காரா?" என்று மைக்கிடம் கேட்டேன்.

ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தினேன்.

"இங்க யாருமே இல்ல வில்டான். எனக்குப் பதிலா அவன் அங்க வந்துட்டான்."

நான் மெல்லத் தலையைத் திருப்பினேன். டேப்பின் மேல் நின்றவள் இப்போது மைக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் ஹெட்ஃபோனில், முன்பக்கத்திலிருந்து, காதோடு காதாக, பாடப்போகிறவன் இழுக்கும் அந்த மூச்சு.