அடி லயன் பெரட்டு

“கம்பி எங்கை? அதை முதல்லை சொல்லுங்கோ!”

“கத்தாதை. பிள்ளை எழும்பிடுவாள்.”

“எழும்பினால் நல்லதெல்லோ! மத்தியானம் மூடின கண்ணை இன்னும் திறக்கேல்லை. பேட்டரி செத்தால் சுத்திக் கிளப்பத்தானே கம்பி? அது எங்கை?”

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவசம்பு ஸ்டார்ட்டரை மறுபடி அழுத்தினார். டிக். அவ்வளவுதான். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் பழைய மோரிஸ் காரை வாங்கிய நாளிலிருந்து, தோட்டத்தில் கார் வைத்திருக்கும் ஒரே தமிழன் என்று கழுத்தை நிமிர்த்தி நடந்தவர், இப்போது சேற்றில் சிக்கிய காருக்குள் உட்கார்ந்து பெண்டாட்டி ஞானேஸ்வரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

பின் சீட்டில் பன்னிரண்டு வயது மகள் செல்வராணி கம்பளிக்குள் காய்ச்சலில் கொதித்துக் கிடந்தாள். பத்து பகாட் டவுன் ஆஸ்பத்திரிக்கு இன்னும் முப்பது மைல். மழை விட்டு அரைமணி நேரம் ஆகியும் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. அந்தி வெளிச்சம் இலைகளுக்கு மேலேயே நின்றுவிட, கீழே பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் இன்ஜின் அணைந்துபோய் நின்றது கார். அதுவும் எந்த இடத்தில்? தோட்டத்துக் கூலி வீடுகளில் கீழ்க்கோடி வரிசையான அடி லயனுக்கு நேர் எதிரே.

போன வருஷக் காய்ச்சலில் நாலு பேர் போனபிறகு அந்த லயனைப் பூட்டி, ஆட்களை மேலே குடியேற்றிவிட்டார்கள். அங்கே யாரும் இல்லை. ஆனால் விறகுப் புகை வாசம் வந்தது. கஞ்சி கொதிக்கும் வாசமும்.

கம்பி எங்கே என்று சிவசம்புவுக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் காய்ச்சல் சமயத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் வீரமுத்து, பெண்டாட்டி கருப்பாயிக்காக வந்து வாசலில் நின்றான். “சாமி, நெனவே இல்லீங்க. காரு குடுத்தீங்கன்னா பொழைச்சுக்கும்.” நோயாளி படுத்தால் சீட்டின் தோலுறை கெட்டுவிடும் என்ற கவலை கிராணிக்கு. பேட்டரி செத்துப் போச்சு என்றார். “கம்பியக் குடுங்க, நாங்களே சுத்திக்கிறோம்” என்றான் அவன். கம்பியும் தொலைந்துவிட்டது என்று அவனை அனுப்பிவிட்டு, அன்று இரவோடு இரவாகக் கம்பியை அடி லயன் கிணற்றில் போட்டவர், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வாரத்திலேயே வீரமுத்துவும் போய்ச் சேர்ந்தான்.

“நான் தள்ளுறன்” என்று ஞானேஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். தள்ளினாள். திட்டினாள். மறுபடி தள்ளினாள். மேடு ஏறினால்தான் அந்தப் பக்கச் சரிவில் உருட்டிக் கிளப்பலாம். கார் ஒரு சாண்கூட நகரவில்லை.

“ஆக்களைக் கூப்பிடுங்கோவன்! ஆரோ இருமுறது கேக்குதெல்லோ!”

கேட்டது. லயன் பக்கமிருந்துதான்.

பக்கத்துக் கிராமமான ஜாவாக்காரக் கம்பத்து ஆட்களாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆத்திரத்தில் கதவைத் திறந்து குரல் கொடுத்தார். தினமும் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பழகிய நாக்கு அது. அடி லயனைப் பார்த்ததும் அடி லயன் வரிசையையே எடுத்துவிட்டது.

“வீரமுத்து!”

“இருக்கேஞ் சாமி.”

“கருப்பாயி!”

“இருக்கேஞ் சாமி.”

“சின்னத்தம்பி! பேச்சியம்மாள்!”

நாலாவது பதில் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாலும் போன வருஷம் பதிவேட்டில் தன் கையால் சிவப்பு மையில் அடித்த, செத்தவர்களின் பேர்கள்.

கார் நகர்ந்தது.

மெதுவாக, அலுங்காமல், வெறும் தொட்டிலைத் தள்ளுவதுபோல மேட்டில் ஏறியது. புகை வாசம் உள்ளே நிறைந்தது. ஈர மண் வாசமும். கிணற்று மண்.

“ஞானம், காணும். விடு.”

பக்கக் கண்ணாடியில் பார்த்தார். ஞானேஸ்வரி சாலையோரத்தில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி.

அப்படியென்றால் தள்ளுவது யார்?

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பிள்ளை. பிள்ளை எப்படி இருக்கிறாள்? முன்கண்ணாடியையே பார்த்தபடி கத்தினார்.

“செல்வராணி!”

“இருக்கேஞ் சாமி.”

மகளின் குரல். அப்பா என்று கூப்பிடும் குரல். அந்தப் பேச்சு அவள் பேச்சில்லை. வந்ததும் பின் சீட்டிலிருந்து இல்லை.

காருக்குப் பின்னாலிருந்து. மற்றவர்களோடு.

மேடு முடிந்தது. சரிவு. கிளட்ச். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஓடி வந்து ஏறிய ஞானேஸ்வரி முப்பது மைலும் வாய் திறக்கவில்லை. அவளை அறிந்தவர்கள் இதைத்தான் முதலில் நம்ப மறுக்கிறார்கள்.

பின் சீட்டில் செல்வராணி போர்த்திய கம்பளி கலையாமல் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கம்பளியை விலக்கிய நர்ஸ்தான் கேட்டாள், காய்ச்சல்காரப் பிள்ளையை யார் சேற்றில் விளையாட விட்டது என்று. இரண்டு உள்ளங்கையிலும் மணிக்கட்டு வரை செம்மண்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மறுமாதமே சிவசம்பு வேலையை விட்டுத் தனியாக யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார். காரை யாரும் கேட்கவில்லை. அது ஷெட்டிலேயே துருப்பிடித்தது. ஞானேஸ்வரி மகளோடு பொந்தியானில் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து வருஷம் கழித்துச் செல்வராணிக்கு அங்கேயே ஒரு தபால் கந்தோர் கிளார்க்கோடு கல்யாணம். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். தோட்டத்துக்குப் பக்கத்துச் சிம்பாங் ரெங்கத்திலிருந்து போய்ப் பந்தியில் உட்கார்ந்து வந்தவர்கள் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மா சொல்வது வேறு. விடியற்காலை ஐந்து மணிக்கு, பெரட்டு வேளைக்கு, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து தெளிவாக ஒரு குரல் கேட்கிறதாம். “இருக்கேஞ் சாமி.” கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறக்கும். அந்தப் பையன் தூங்கும் பெண்டாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து குழாயடியில் உட்கார வைத்து, அவள் உள்ளங்கைகளைக் கழுவிவிடுவான். தண்ணீர் சிவப்பாக ஓடும்.

பொந்தியானில் அவர்கள் வீட்டைச் சுற்றி இருப்பது வெறும் கடற்கரை மணல்.