லாத்திக் யாருக்குக் கை கொடுத்தது

யாரும் சொல்லாமலேயே நாய் உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கூடத்தின் நடுவில் நின்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த அது, ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியின் பக்கம் திரும்பி, பின்கால்களை மடித்து, முதுகை நிமிர்த்திக்கொண்டது. பிறகு ஒரு முன்காலைத் தூக்கி நீட்டியது. அந்தக் கால் எதன்மீதோ ஊன்றியதைப் போல அந்தரத்தில் சற்று நேரம் ஆடாமல் நின்றது. காலை இறக்கியதும் வாயைத் திறந்து எதையோ வாங்கி, மென்று, விழுங்கியது.

நாற்காலியில் யாரும் இல்லை.

அன்செல்மோ செய்தித்தாளுக்கு மேலாக இதைப் பார்த்து மூக்கால் சிரித்தார். பாகியோ என்ற மலை நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளையும் வாத்தியார்களையும் ஒரே அதட்டலில் உட்கார வைத்தவர். உலகத்தில் பாதிப் பேர் முட்டாள்கள், மீதிப் பேர் சோம்பேறிகள் என்பது அவருடைய கணக்கு. அதில் நாய்க்கு ஸ்வெட்டர் பின்னுகிறவர்களை எந்தப் பாதியில் சேர்ப்பது என்றுதான் அவருக்குக் குழப்பம். அவர் மனைவி ஹெர்மினியா இரண்டு ஸ்வெட்டர் பின்னி வைத்திருந்தாள்.

நாயைக் கொண்டுவந்து விட்டவள் ஜோவெலின். தெருநாய்களை மீட்கிற குழுவில் ஒருத்தி. நெஞ்சில் நாய்ப் பாதம் அச்சிட்ட சட்டை போட்டுக்கொண்டு, விடைபெறும்போது நாயின் கழுத்தைக் கட்டி அழுதாள். கொஞ்ச நாள் வளர்ப்புக்கு வைத்திருங்கள், ஒத்துப்போனால் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்றாள். பள்ளத்தாக்குச் சாலையில் ஒரு மனிதர் தனியாக வாழ்ந்து செத்துப்போனாராம். மழைக்காலம் முழுக்க அந்த வீட்டுக்குள் இது இருந்திருக்கிறது.

"கட்டிப் போட்டிருக்கல சார். கதவுகூட திறந்துதான் கெடந்துச்சு. ஒரு நாற்காலி முன்னாடி உக்காந்தே இருந்துச்சு. தூக்கிட்டுத்தான் வந்தோம்."

பட்டினியிலிருந்து மீட்டார்களாம். அன்செல்மோ நாயின் வயிற்றைப் பார்த்தார். மினுமினுவென்று, உருண்டையாக, ஊர்த் தலைவரின் தொப்பை மாதிரி இருந்தது. இதற்கு ஒரு கண்ணீர், ஒரு குழு, ஒரு சட்டை. ஹெர்மினியா அதன் பழுப்பு நிறத்தைப் பார்த்து, தேங்காய்ப் பாலைக் காய்ச்சினால் அடியில் தங்கும் கசடின் பெயரை வைத்தாள். லாத்திக்.

லாத்திக் அவள் வைத்த எதையும் தொடவில்லை. இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது. ஆனாலும் ஸ்வெட்டரின் தையல் நாளுக்கு நாள் இறுகியது. நாற்காலி முன்னால் உட்காருவதும் கை நீட்டுவதும் மெல்லுவதும் மட்டும் ஓயவில்லை. பழைய எஜமான் பழக்கியது, பாவம், மறக்க முடியவில்லை என்றாள் ஹெர்மினியா. தானும் பழக்கிக் காட்டலாம் என்று அன்செல்மோ தன் பள்ளிக்கூடக் குரலில் "உட்கார்" என்றார். நாய் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவருக்கு முகம் சுட்டது. ஒரு நாயால் அவமானப்படுவது என்பது, அதுவும் ஸ்வெட்டர் போட்ட நாயால், அவர் வாழ்க்கையில் இல்லாத அனுபவம்.

நாற்காலியைத் தூக்கிப் பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டினார். அத்துடன் தொலைந்தது என்று நினைத்தார்.

அடுத்த நாள் நாய் சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. சாயங்காலம் மாடிப்படியின் அடியில். அதற்கு மறுநாள் அவருடைய கட்டிலின் கால்மாட்டில். அது உட்காருகிற இடத்திலெல்லாம் ஒரு வாடை தங்கியது. வெளியே தேவதாரு மரங்களின் ஈர மணமும், தகரக் கூரையில் மூடுபனி திரண்டு சொட்டும் ஓசையும், அடுப்பில் கொதிக்கும் காப்பியின் கசந்த ஆவியும் எப்போதும்போலத்தான் இருந்தன. அவற்றுக்கு நடுவே, பக்கத்தில் யாரோ கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போல, அவித்த ஈரலின் வாடை மெல்ல எழுந்து, அவர் மூக்கு வரை வந்து, நின்று, நகர்ந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன கருமத்தையோ சமைக்கிறார்கள் என்று அவர் ஜன்னல்களைச் சாத்தினார். சாத்தின பிறகு வாடை கூடியது.

ஒரு மத்தியானம் காய்கறித் தோட்டத்திலிருந்து வந்த அன்செல்மோ ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஹெர்மினியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். துணியை வைத்தாள். முழங்கால் வலியால் தேவாலயத்தில்கூட மண்டியிடாதவள், நாய்க்குப் பக்கத்தில் தரையில் மடங்கி உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். வாயைத் திறந்தாள்.

மென்றாள்.

அவர் உள்ளே ஓடியபோது அவள் மறுபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்ன செய்தாய் என்று கேட்டார். ஒன்றுமில்லையே என்றாள். அவள் மூச்சில் ஈரல் வாடை அடித்தது. மகள் கனடாவுக்குப் போன பிறகு அவர் பார்த்திராத ஒரு நிறைவு அவள் முகத்தில் இருந்தது.

"எதுக்கு இப்படிப் பயந்து நிக்கறீங்க?" என்றாள் அன்பாக. "நம்மள நல்லா பாத்துக்கறாங்க."

"யாரு?"

அவள் நாயைப் பார்த்துச் சிரித்தாள். நாய் வாலை ஆட்டியது.

அன்செல்மோ தொலைபேசியை எடுத்தார். இந்தச் சனியனை இன்றைக்கே வந்து கொண்டுபோ என்று ஜோவெலினிடம் சொன்னார். நாய்க்குக் கிறுக்கு, அது என் மனைவிக்கும் தொற்றிவிட்டது, உங்கள் அழுகையும் சட்டையும் மட்டும்தான் மிச்சம் என்றார்.

"சார், உங்க வீட்லயும் சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

"அங்க அக்கம்பக்கத்துல சொன்னாங்க. அவரு செத்து ரொம்ப நாளைக்கு அப்புறமும் உள்ள ஒரு ஆம்பளக் குரல் கேட்டுச்சாம். கோவமா இல்லையாம். நாய்கிட்ட பேசற மாதிரியாம். நாங்க நம்பல."

"படிச்சவதானே நீ? வெக்கமா இல்ல?" என்று வைத்துவிட்டார்.

அவளுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. தானே காரில் போட்டு, அந்தப் பள்ளத்தாக்குச் சாலையிலேயே தள்ளிவிட்டு வரலாம். வெளியே மூடுபனி இறங்கி வேலியை விழுங்கி, காரை விழுங்கி, வாசற்படி வரை வந்திருந்தது. பகலா சாயங்காலமா தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சம். அவர் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். அது முரண்டு பிடிக்கவில்லை, கடிக்கவில்லை. அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. ஒரு நாய் தன்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது என்ற ஆத்திரத்தில் இன்னும் பலமாக இழுத்தார். நகங்கள் மரத்தரையில் கீறிக்கொண்டு வந்தன.

கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

ஈரல் வாடை. மிகப் பக்கத்தில். பின்கழுத்தில்.

கூடத்தில் ஹெர்மினியாவின் முழங்கால்கள் தரையைத் தொடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. முட்டாள்கள். எல்லாரும் முட்டாள்கள். தாழ்ப்பாளை இழுத்தால் போதும். இரும்பு கைக்குள் சில்லென்றிருந்தது. இழுத்தால் போதும்.

பின்னால் ஒரு குரல் சொன்னது. அதட்டல் இல்லை. அவசரம் இல்லை. மறுப்பு என்று ஒன்று இருப்பதையே அறியாத குரல்.

"உக்காரு."

போடா, என்று சொல்ல நினைத்தார். அந்தச் சொல் வாய்க்குள் இருந்தது. அதற்குள் பட்டை கையிலிருந்து நழுவிவிட்டது. முழங்கால்கள் தாமாக மடங்கின. தரை குளிர்ந்தது. நாய் வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தது. மறுபக்கம் ஹெர்மினியா. மூன்று பேரும் ஒரே வரிசையில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து.

அவருடைய வலது கை உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை.

கை அந்தரத்தில் நின்றது. கீழேயிருந்து ஒரு உள்ளங்கை அதைத் தாங்கியது. சூடும் இல்லை, குளிரும் இல்லை. விரல்கள் நீளம். மிக நீளம். அவர் மணிக்கட்டைச் சுற்றி வந்து, இன்னும் மிச்சம் இருந்தன.

நாயின் வால் தரையில் தட்டியது. தட், தட், தட்.

அன்செல்மோ பல்லைக் கடித்தார். தாடை வலித்தது. கண்ணில் நீர் வந்தது.

வாய் திறந்தது.