மூன்றாவது பிரதி

“இன்னும் வரலைக்கா.”

“ரெண்டு நிமிஷம் இரு.”

“இதையே அரை மணி நேரமா சொல்றே. ஊர் உலகத்து ஃபைலையெல்லாம் கட்டிக் காக்கிறவ, பெத்த பொண்ணோட ஸ்கேனைத் தொலைச்சிட்டு நிக்கிறியே!”

தம்பி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று போனில் பேசினான். உள்ளே அக்காவின் ஏழு வயது மகள் வாலு மயக்கத்தில் கிடந்தாள். விழுந்த வேகத்தில் தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. எந்த இடத்தில் என்று காட்டும் படம் மட்டும் டாக்டரின் திரைக்கு வரவில்லை.

“மறுபடி எடுக்க முடியாதாடா?”

“இனி அசைக்கவே கூடாதாம்.”

அதே ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் அக்கா தனியாக இருந்தாள். நண்பகல்தான், சன்னல் இல்லாத அந்த அறைக்கு அது தெரியாது. விசிறிகளின் இரைச்சல் பற்கள்வரை அதிர்ந்தது. எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேன் படமும் இங்கே மூன்று இயந்திரங்களில் மூன்று பிரதியாகப் பதியும். பட்டியலில் உள்ள எல்லா இயந்திரங்களும் பதில் சொன்னால்தான் புதுப் படம் பதியும்; இரண்டு பிரதிகள் ஒத்துப்போனால் அது வெளியே போகும்.

வாலுவின் படத்தைக் கேட்டதற்கு ஒன்றும் இரண்டும் ‘இல்லை’ என்றன.

மூன்றாவது இன்று காலை எரிந்துபோனது. அவள்தான் அதைத் தட்டிலிருந்து கழற்றி எடுத்தாள். பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்க மறந்துவிட்டாள். செத்துப்போன இயந்திரத்தின் பதிலுக்காக, அதன்பின் வந்த எல்லாப் படங்களும் வரிசையில் காத்துக் கிடந்தன, வாலுவின் படமும்.

நீக்கினாள். பெயர் மறைந்தது.

திரும்ப வந்தது.

மறுபடி நீக்கினாள். எங்கிருந்தோ கருகிய பிளாஸ்டிக் வாடை மெல்ல எழுந்தது.

மூன்றாவது பதில் சொன்னது: ‘இருக்கிறது.’

நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது தட்டு காலியாகத்தான் இருந்தது. அதன் இருட்டுக்குள் தொங்கிய ஒயர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

படத்தைத் திறந்தாள்.

வாலுவின் பெயர். வாலுவின் மண்டையோடு. அதன் மேல் வரிசையாக ஆபரேஷன் தையல். உள்ளே, ஓரிடம் பாக்கியில்லாமல் ரத்தம்.

படம் எடுத்த தேதி, நாளை.

“அக்கா, டாக்டர் கத்தறார். ஏதாவது கிடைச்சுதா?”

“ஒண்ணு இருக்கு... ஆனா, அது...”

“இருக்கா? அப்பாடா! போன உசுரு திரும்பி வந்துச்சு!”

திரையில் அவள் தட்டாத ஒரு வரி வந்து நின்றது: ‘ஒன்றிலும் இரண்டிலும் இதையே எழுதட்டுமா?’

இரண்டு ஒத்துக்கொண்டால் போதும். அப்புறம் நாளைக்கு வாலுவுக்கு அதுதான் உண்மை.

காலித் தட்டுக்குள் பச்சை விளக்கொன்று எரிந்தது.

“அனுப்புக்கா,” என்றான் தம்பி. “உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், சீக்கிரம் அனுப்பு.”