ஃபிராங்க்ளினின் முகம்

செவ்வாய் மாலை நான்கரைக்கு, ரெம்பியா ஊரில் தன் கார் பட்டறையில் சுகுமாரன் செத்துக் கிடந்தார். அவர் மேல் 1926ஆம் வருடத்து அமெரிக்கக் கார், ஃபிராங்க்ளின். பக்கத்தில் இறங்கிப்போன ஜேக். முன்சக்கரத்தருகே ஒரு வாளித் தண்ணீர்.

வியாழன் காலை பத்து மணி. விபத்து என்று எழுதி ஃபைலை மூட இன்ஸ்பெக்டர் யுகேந்திரன் வந்திருந்தார். சுகுமாரனின் மனைவி கலைமகள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தங்கள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை.

அவள் சோறு ஆக்கும் நேரத்தில் சுகுமாரன் தினமும் அந்த ஃபிராங்க்ளின் கம்பெனிக் கதையைத்தான் அளப்பார். 1902இல் நியூயார்க் பக்கம் முதல் காரை விற்றார்களாம். பிறகு விற்பனைக்காரர்கள் நச்சரித்ததால் காரின் முகத்தை மாற்றினார்களாம். தலைமைப் பொறியாளர் கோபித்துக்கொண்டு வேலையையே உதறினாராம். 1934இல் கம்பெனியே மூடிவிட்டதாம். அவள் மீன் பொரித்தபடி 'ம்' கொட்டுவாள்.

"கடைசியா ஒருக்கா சொல்லுங்க, காந்தன்" என்றார் யுகேந்திரன்.

காந்தன் கார் புரோக்கர். வெளியே நின்று பார்த்தே விலை சொல்லிவிடுவான். உள்ளே பார்க்கிற பழக்கம் கிடையாது.

"அண்ணன் அடியில படுத்திருந்தாரு சார். ரேடியேட்டருக்குத் தண்ணி கொண்டான்னாரு. பின்னாடி பைப்புக்குப் போனேன். அஞ்சு நிமிஷம்தான் லா. வந்து பார்த்தா கார் இறங்கிருச்சி."

"ஜேக்குத் திருகு லூசா இருந்துச்சே?"

"அண்ணன் சரியா இறுக்கியிருக்க மாட்டாரு."

கலைமகள் எழுந்தாள்.

"பானெட்டத் தூக்குங்க, தம்பி. தண்ணிய எதுல ஊத்துவீங்க? காட்டுங்க."

காந்தன் தூக்கினான். தேடினான். முன்கிராதிக்குப் பின்னால் பெரிய காற்றாடி ஒன்றுதான் இருந்தது.

"இந்த கம்பெனி இஞ்சின காத்துதான் குளிர வைக்கும்" என்றாள் கலைமகள். "தண்ணியே கெடையாது. மத்த கார் மாதிரி தெரியணும்னு சும்மா ஒரு முகம் வச்சாங்க. அவரு எப்படித் தண்ணி கேட்டிருப்பாரு?"

யுகேந்திரன் ஃபைலைத் திறந்தார்.

"படுத்திருக்கிற ஆளுக்கு அந்தத் திருகு எட்டாது. நீங்க வெளிய இருந்ததுக்கு வாளிதான் சாட்சி. அதையும் நீங்களே கொண்டாந்து வச்சிருக்கீங்க."

காந்தன் தரையில் உட்கார்ந்தான். "வாங்குறதுக்கு ஆள் ரெடி, அண்ணி. விக்கவே மாட்டேன்னுட்டாரு."

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சது?" என்றார் யுகேந்திரன்.

"தினமும் சொல்லுவாரு. நான் கேட்டதே இல்லன்னு நெனச்சேன்."

காந்தனை ஏற்றிக்கொண்டு ஜீப் போய்விட்டது. கலைமகள் காரின் முன்னால் நின்றாள்.

'ம்' என்றாள். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும், 'ம்'. அப்போதுதான் அழுகை வந்தது.