எல்லாரும் அசைந்த படம்

படம் எடுக்கச் சித்திக்குக் கடைக் கேமராவே வேண்டாம். பிஸ்கட் டப்பாவில் ஊசியால் ஒரு துளை, உள்ளே படக் காகிதம், துளைமேல் கறுப்பு டேப். டேப்பைப் பிரித்தால் படம் பதியத் தொடங்கிவிடும்.

சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள். ஆளுக்கு ஒரு டப்பா, இரண்டு காகிதம்.

"வீட்டுல எல்லாரையும் எடுத்துட்டு வாங்க, சுவர்ல மாட்டலாம். ஆனா ஒரு நிமிஷம் யாரும் அசையக் கூடாது!"

வகுப்பில் சித்தியின் அக்கா மகளும் இருந்தாள். வீட்டில் அவளை வாயாடி என்பார்கள். அவள் தம்பியைப் பம்பரம் என்பார்கள்.

வாசலில் நாற்காலி போட்டு முதல் படம் எடுத்தார்கள். சிவப்பு விளக்கு எரியும் அறையில் சித்தி அதைக் கழுவி அச்சிட்டாள். அம்மா, அப்பா, வாயாடி மூவரும் பளிச்சென்று இருந்தார்கள். நான்காவது நாற்காலியில் வெறும் புகை.

"நான் எங்கேக்கா?"

"இந்தப் புகைதான்டா நீ. அசைஞ்சுட்டே இருந்தியே!"

பம்பரத்தின் உதடு பிதுங்கியது. "என்னை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

மீதி ஒரே ஒரு காகிதம்.

"இந்தத் தடவை இவனைக் கட்டிப் போட்டுடலாம்" என்றார் அப்பா.

"தூங்கும்போது எடுத்துடலாம்" என்றாள் அம்மா.

மறுநாள் வாயாடி எட்டிப் பார்த்தபோது, தம்பி தனியாக நாற்காலியில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தான். மூச்சை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது. கால் மட்டும் தன்பாட்டுக்கு ஆடியது. அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான். அப்போது தலை ஆடியது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. டப்பாவை எடுத்து வந்தாள்.

"எல்லாரும் வாங்க! நாற்காலிக்கு முன்னால நின்ன இடத்துலயே ஆடணும். யாரும் சும்மா இருக்கக் கூடாது!"

"கடைசிக் காகிதம்டி, வீணாப் போயிடும்!" என்றாள் அம்மா.

"போனா போகட்டும்மா."

வாயாடி டேப்பைப் பிரித்துவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். அப்பா உடனே குதித்தார். அம்மா முதலில் விரலை மட்டும் ஆட்டினாள். தம்பி கையைப் பிடித்து இழுத்ததும் அவள் ஆடிய ஆட்டத்தில் கொண்டை அவிழ்ந்தது.

சித்தி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அசையாதே, அசையாதேன்னு நான்தான் எல்லாரையும் அதட்டிட்டே இருந்திருக்கேன்!" என்று சிரித்தாள் சித்தி. படத்தைச் சுவரின் நடுவில் மாட்டினாள்.

அதில் நாற்காலிகள் தெளிவாக இருந்தன. அவற்றின் முன்னால் நான்கு புகைகள்.

வீட்டாரோடு பார்க்க வந்த பம்பரம் ஓடிப்போய், இருப்பதிலேயே பெரிய புகைமேல் விரலை வைத்தான்.

"இதுதான் நான்!"

அது அப்பா. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை, வாயாடிகூட.