உள்ளிருந்து எழுந்த வடு

பெரிய டிரம்மின் தோலில் ஒரு வடு மேல்நோக்கிப் புடைத்திருந்தது.

மார்லிஸ் துடைக்கும் துணியை வைத்துவிட்டு அதை விரலால் தடவிப் பார்த்தாள். அடி விழுந்த இடம் குழியும். எந்த டிரம்மானாலும் அப்படித்தான். டுவைட் ஹால்வர்சனுக்குக் கழுத்தை நீட்டிய நாள் முதல் அவனுடைய டிரம்களைத் துடைத்து, தோல் மாற்றி, வேனில் ஏற்றி இறக்கியவளுக்கு இது தெரியாதா? இது குழியவில்லை. விரல் முட்டி அளவில் எழும்பி நின்றது. பழைய பிளாஸ்டிக் தோல் அப்படித்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். டுவைட் போன பிறகு, தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்வதில் அவள் நன்றாகத் தேறியிருந்தாள்.

மினசோட்டாவில் மற்ற ஆண்கள் கையில் காசு சேர்ந்தால் படகு வாங்குவார்கள். டுவைட் டிரம் வாங்கினான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சிகாகோவில் செய்த டிரம் செட்டுகள், முத்து வெள்ளை, பொன்தூள், ஷாம்பெயின் நிறம் என்று நிலவறை முழுக்க அடைந்து கிடந்தன. அவன் இறந்த பிப்ரவரி நாளில் ஆண்டுதோறும் அவனுடைய ராக் குழு துறைமுகத்து பாரில் வாசிக்கும். மேடையில் அவனுடைய செட்டு ஒன்று இருக்கும். அதில் யாரும் உட்கார்ந்து வாசிக்க மாட்டார்கள். டிரம் இல்லாமலேயே பாட்டு நடக்கும். கூட்டம் பியரைக் கையில் பிடித்தபடி அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மார்லிஸ் ஒவ்வொரு வருஷமும் பாதியில் எழுந்து வெளியே வந்து அழுவாள்.

மத்தியானம், குழுவில் பேஸ் கிடார் வாசிக்கும் வெர்ன் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான்.

"இந்த வருஷம் எந்த செட்டு?"

"சிவப்பு. கடைசியா வாங்கினானே, அது."

"ஐயோ, அந்தச் சனியனா? செத்தும் எனக்குச் சுமை தூக்குற வேலை வைக்கிறான் பாரு உன் புருஷன். இருட்டுறதுக்குள்ள வந்துடுறேன். சாப்பிட்டியா நீ?"

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்லாத. வரும்போது ஏதாச்சும் வாங்கிட்டு வர்றேன்."

இப்போது நிலவறைப் படிச் சன்னலில் பனி ஏறி, வெளிச்சம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. தரைவிரிப்பில் மல்லாந்து கிடந்த அந்தப் பெரிய சிவப்பு டிரம்மின் வளையத்தை மறுபடி துடைக்கத் தொடங்கினாள். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் முனகி அடங்கியது. அது அடங்கிய பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது. தாழ்வாக, துணிக்கு அடியில் வைத்துத் தட்டுவதுபோல, இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக.

கை நின்றுவிட்டது.

அந்த மூன்றாவது அடியை எப்போதும் ஒரு மயிரிழை பிந்திப் போடுவான் டுவைட். ஒலிப்பதிவுக்காரர்கள் அதற்காக அவனைத் திட்டினார்கள். கேட்பவர்கள் அதற்காகவே அவனை நேசித்தார்கள். மார்லிஸ் அதைக் கடைசியாகக் கேட்டது மேடையில் அல்ல. உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போன அன்று, காலடியில் பனிக்கட்டி உடைந்து அவன் உள்ளே விழுந்தான். நீரோட்டம் அவனை ஓட்டையிலிருந்து பனிக்கட்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனது. வெர்ன் கோடரி எடுக்கக் கரைக்கு ஓடினான். அவள் வெறும் கையால் பனியை வாரி வாரி, கீழிருந்து வந்த தட்டலைத் துரத்தித் தவழ்ந்தாள். இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக. அது நகர்ந்துகொண்டே போனது. பிறகு நின்றது. பனி உருகிய பிறகும் உடல் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஒன்றுமில்லை. அவனை எடுக்காமல் விட்டுவிட்டேன் என்ற ஒன்றுதான் அவளை இத்தனை நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

முழங்கால் நனைந்தது. டிரம்மைச் சுற்றித் தரைவிரிப்பு ஊறியிருந்தது. ஏரிப்பாசி வாடை. மூச்சு புகையாக வந்தது.

தோல் எழும்பி அடங்கியது.

"டுவைட்?"

தட்டல் வேகமெடுத்தது.

"இரு. இருடா. இந்தத் தடவை விடமாட்டேன்."

கைப்பிடித் திருகுகளை ஒவ்வொன்றாகச் சுழற்றினாள். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. கொக்கிகள் கழன்றன. வளையத்தையும் தோலையும் தூக்கினாள்.

விளிம்புவரை கறுப்புத் தண்ணீர். அடி தெரியவில்லை.

கையை விட்டாள். முழங்கை. தோள். டிரம்மின் ஆழத்தைத் தாண்டி, தரையைத் தாண்டி, கை போய்க்கொண்டே இருந்தது. பிறகு விரல்கள் அவள் விரல்களைப் பற்றின. குச்சி பிடித்துக் காய்த்த விரல்கள். அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டே இழுத்தாள். வந்தான். கனமாக, மெதுவாக வந்தான்.

முடி வந்தது. நெற்றி வந்தது.

அதற்குக் கீழே மீன்கள் எதையும் விட்டுவைத்திருக்கவில்லை.

வாய் இருந்த இடம் மட்டும் அசைந்தது. அவள் பெயர்.

அவள் இழுப்பதை நிறுத்தினாள். இன்னொரு கையை அந்த நெற்றியில் வைத்து, தண்ணீருக்குள் திரும்பத் தள்ளினாள். அழுத்தினாள். விரல்கள் அவளைப் பிடித்துக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அழுத்தினாள். தோலை மூடினாள். வளையம். கொக்கி. திருகு. அடுத்தது. அடுத்தது.

மேலே கதவு திறந்தது.

"மார்லிஸ்? கீழயா இருக்க?" வெர்னின் குரல். பிறகு அவன் காலடி படியில் நின்றது. குரல் மாறியது. "யாரு வாசிக்கிறது?"

அவள் டிரம்மின் மேல் ஏறி, தன் முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"யாருமில்ல, வெர்ன். மேலயே இரு."

தட்டல் நின்றது. அவளுக்கு அடியில் ஒரு உள்ளங்கை விரிந்து, தோலைத் தடவியபடி, விளிம்பைத் தேடி மெல்ல நகரத் தொடங்கியது. அது நெருங்கிய இடத்தில் மார்லிஸ் குனிந்து, அழுதபடியே, திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.